எழுத்து தோலிலா, அச்சிலா?

ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத், மொராக்கோவில் பிறந்த லல்லா எஸ்ஸாய்டி என்ற இரு பெண் கலைஞர்களின் புகைப்படங்களிலும் பெண் உடல்மேல் எழுத்து. கட்டுரையில் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். தோல் மடிப்பைப் பாருங்கள். நெஷாத்தின் 'அல்லாவின் பெண்கள்' வரிசையில் (1993–97) மை இருப்பது அச்செடுத்த படத்தின்மேல். முகத்தின் வடிவத்துக்குள் அடங்கினாலும் சுருக்கங்களுக்குள் அது இறங்காது. எஸ்ஸாய்டி படமெடுக்கும் முன்பே மருதாணியால் தோலிலேயே எழுதிவிடுகிறார். விரல் மடங்கினால் எழுத்தும் மடங்கும், அப்படியே துணிக்கும் சுவருக்கும் பரவும். எழுத்துக்கலை ஆண்கள் கையில் இருந்தது, மருதாணி பெண்களுடையது. அவர் இரண்டையும் வேண்டுமென்றே மோதவிடுகிறார். உங்கள் கட்டுரைக்கு இதுதான் சரியான பிடி. அப்புறம், இரண்டையும் 'அரபு எழுத்து அலங்காரம்' என்று எழுதிவிடாதீர்கள். நெஷாத் எழுதுவது பாரசீக மொழியில், ஃபுரூக் ஃபரோக்சாத் போன்ற பெண் கவிஞர்களின் வரிகளை. எஸ்ஸாய்டியின் வரிகளோ முழுதாக வாசிக்க முடியாதபடியே எழுதப்பட்டவை.