பாக்ஸ் ஹில் முதல் லீத் ஹில் வரை: ஒருநாள் சைக்கிள் சுற்றுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: தெற்கு லண்டனில் டூட்டிங்கில் இருக்கிறேன். வயது 41, எடை 74 கிலோ. ஞாயிறுதோறும் ரிச்மண்ட் பார்க்கில் 40 கிலோமீட்டர் ஓட்டுவேன். போன வருஷம் நண்பரோடு சர்ரே ஹில்ஸ் போனபோது, 55 கிலோமீட்டர் தாண்டியதும் லீத் ஹில் ஏற்றத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். காலையில் இரண்டு தோசை, வழியில் ஒரு காபி, அன்று சாப்பிட்டது அவ்வளவுதான். என்னுடையது பழைய ரோடு பைக்: முன்னால் 53, 39 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 25 பல். இந்த மே மாதம் 80 கிலோமீட்டர் சுற்று ஒன்றை முழுசாக முடிக்க வேண்டும். எந்த வழியில் போகலாம், என்ன மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் உடம்பில் பெரிய குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 80 எட்டாத தூரம் இல்லை. அன்று உங்களை நிறுத்தியவை இரண்டு: கியரும் வெறும் வயிறும். முதலில் கியரைப் பார்ப்போம்.

சைக்கிள், உடை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சாலையில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறீர்கள். முன்னால் 39, பின்னால் 25 என்றால் அந்த மிதிக்கு வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். எதிர்க்காற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அதற்கு ஏறக்குறைய 285 வாட் சக்தி வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவரால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. அதே ஏற்றத்தை 34-க்கு 28 என்ற கியரில் அதே தாளத்தில் மிதித்தால் 220 வாட் போதும். 34-க்கு 32 என்றால் 195 வாட். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராகக் குறையும், ஆனால் உச்சி வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்வீர்கள். 39-ல் அந்த வசதி கிடையாது. தாளத்தைக் குறைத்து, எழுந்து நின்று, முழங்காலை வருத்தித்தான் ஏற வேண்டும். போன வருஷம் நடந்தது இதுதான்.

என்ன மாற்றுவது? செலவு குறைந்த வழி, பின்னால் 28 பல் வரை போகும் கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) ஒன்றை மாட்டுவது. செயின் நீளம் போதுமா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள். 39-க்கு 28 என்றால் தேவை 255 வாட்டுக்கு வரும். இது பாதிக் கிணறு தாண்டுவது போலத்தான். உங்கள் மிதிப்பக்கத்துப் பல்சக்கரம் ஐந்து போல்ட் உள்ளதாக, அந்தப் போல்ட் வட்டம் பழைய 130 மில்லிமீட்டர் அளவாக இருந்தால், அதில் 38 பல்லுக்குக் கீழே எதுவும் பொருந்தாது. அப்போது 50, 34 பல் உள்ள காம்பாக்ட் கிராங்க் (மிதிக்கட்டையும் முன் பல்சக்கரங்களும் சேர்ந்த பாகம்) ஒன்றை வாங்கத்தான் வேண்டும்; பழையதாகக் கிடைத்தாலும் போதும். பின்னால் 32 போட, நீளமான பின் டீரெய்லரும் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) தேவைப்படலாம். கார்பன் சக்கரம், விலை உயர்ந்த ஜெர்சி என்று ஆசைப்படுவதற்கு முன்னால் பணத்தை இதில் போடுங்கள்.

அடுத்தது வழி. அதற்கு அந்த நிலத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வடக்கிலிருந்து தெற்காக மூன்று பட்டைகள். முதலில் நார்த் டவுன்ஸ் என்ற சுண்ணாம்பு முகடு. வடக்கே மெல்லச் சரியும், தெற்கே சட்டென்று விழும். பாக்ஸ் ஹில்லும் ரான்மோரும் இதன் மேல்தான். அதற்குத் தெற்கே மணற்கல் குன்றுகள்; அவற்றில் உயர்ந்தது 294 மீட்டர் லீத் ஹில். அதற்கும் தெற்கே வீல்டு என்னும் களிமண் தாழ்நிலம். தெற்குப் பக்கமிருந்து முகட்டில் ஏறினால் மூச்சு முட்டும். ஒயிட் டவுன் லேன், பார்ஹாட்ச் லேன் என்ற பெயர்களை யாராவது உற்சாகமாகச் சொன்னால், இந்த வருஷம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சுற்றைத் தொடங்கும் ஊர் டார்கிங். விம்பிள்டனிலிருந்து அங்கே நேர் ரயில் இருக்கிறது. வார நாட்களில் நெரிசல் நேரத்தில் மடிக்காத சைக்கிளை ஏற்ற விட மாட்டார்கள். ஞாயிறுகளில் அடிக்கடி தண்டவாள வேலை நடக்கும். அதனால் சனிக்கிழமை காலை நல்லது. எட்டரைக்கு டார்கிங்கிலிருந்து மிதிக்கத் தொடங்குங்கள்.

முதலில் ஜிக்ஜாக் ரோடு வழியாக பாக்ஸ் ஹில். 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலைப் பந்தயம் இந்தக் குன்றை ஒன்பது முறை சுற்றியது. சுமார் இரண்டரை கிலோமீட்டர், சராசரி ஐந்து சதவீதச் சாய்வு. பயப்பட எதுவும் இல்லை. ஆனால் நாளைக் கெடுத்துக்கொள்கிற இடமும் இதுதான். கால் புதிதாக இருக்கும், நாலு பேர் விர்ரென்று தாண்டிப் போவார்கள், நீங்களும் பின்னாலேயே போவீர்கள். போகாதீர்கள். பக்கத்தில் வரும் நண்பரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள்.

உச்சியிலிருந்து ஹெட்லி, லாட்ஜ்பாட்டம் ரோடு வழியாக மிக்கில்ஹாம். அங்கிருந்து வெஸ்ட்ஹம்பிள் தாண்டி ரான்மோர். பிறகு முகட்டின் மேலேயே மேற்காக கிரீன் டீன் பக்கம் போய், ஷியருக்கு இறங்குங்கள். ஏ25 சாலையைக் குறுக்கே கடந்தால் போதும்; அதில் ஓட்ட வேண்டாம், வண்டிப் போக்குவரத்து அதிகம். அடுத்து பீஸ்லேக். அங்குள்ள ஊர்க் கடையில் சீஸ் ஸ்ட்ரா (சீஸ் சேர்த்த பேஸ்ட்ரி) வாங்கி வாசலில் உட்கார்ந்து சாப்பிடாத சைக்கிள்காரர் குறைவு. குன்றைத் தாண்டி யூஹர்ஸ்ட் இறங்கினால் வீல்டு வந்துவிடும். வாலிஸ்வுட், ரஸ்பர், நியூடிகேட் என்று தாழ்நிலச் சாலைகள், கால் ஆறும்.

நியூடிகேட்டில் நின்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். களைத்திருந்தால் பிராக்ஹாம் வழியாகத் தட்டையான சாலையிலேயே டார்கிங் திரும்பலாம். தெம்பு இருந்தால் ஓக்லி போய் லீத் ஹில் ஏறி, கோல்ட்ஹார்பர் வழியாக இறங்கலாம். முழுச் சுற்றும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம். மணிக்குச் சராசரி 18 என்றால் ஓட்டும் நேரமே நாலரை மணி. நிற்பதையும் சேர்த்து ஆறரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கறாரானவன். பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். கிளம்பிய அரை மணியிலிருந்து மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கும். பெரிய பேரீச்சை ஒன்றில் 16 கிராம். ஜெல் பாக்கெட் (சர்க்கரைக் கூழ்) வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கவலை வேண்டாம். தொழில்முறைப் பந்தய வீரர்களே குழைந்த சோற்றைக் கட்டியாக்கிச் சட்டைப் பையில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். எலுமிச்சம் சாதத்தைக் கொஞ்சம் குழைய வடித்து, எண்ணெயும் மிளகாயும் குறைத்து, கடலைப் பருப்பை விட்டுவிட்டு, எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து ஃபாயிலில் சுற்றுங்கள். உப்பும் சேர்ந்து போகும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் என்றால் கூடுதலாக. பப்பில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டாம். அதற்குப் பிறகு லீத் ஹில் ஏற முடியாது.

பஞ்சர் பற்றி. இந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குள் ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல் நிறைய உண்டு. மழை பெய்தால் அதன் சில்லுகள் சாலைக்கு அடித்து வரப்படும். ஒவ்வொன்றும் கண்ணாடித் துண்டு மாதிரி. ஒருமுறை ரான்மோரில் டியூபை மட்டும் மாற்றிவிட்டு அவசரமாகக் கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று போனது. டயரைக் கழற்றி வெளிச்சத்தில் மடக்கிப் பார்த்தபோது, அரிசி நொய் அளவுக் கருஞ்சில்லு ஒன்று ரப்பருக்குள் பதுங்கியிருந்தது. வெளியே தெரிந்தது ஒரு கீறல் மட்டும். அதனால் டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள், கீறல் இருக்கும் இடத்தை மடக்கிப் பாருங்கள், சாவி முனையால் சில்லை நெம்பி எடுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் கொண்டுபோங்கள். உங்கள் சைக்கிளில் 28 மில்லிமீட்டர் டயர் நுழையுமானால் போடுங்கள்; காற்றழுத்தம் 65 முதல் 70 பி.எஸ்.ஐ. போதும்.

பயிற்சிக்கு ஆறு வாரம் இருந்தால் நல்லது. ரிச்மண்ட் பார்க்கிலேயே புரூம்ஃபீல்டு ஹில்லை வாரம் ஒருநாள் ஐந்தாறு முறை ஏறுங்கள். ஞாயிறு ஓட்டத்தை மெல்ல 60 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். சோற்றுருண்டையையும் அப்போதே சாப்பிட்டுப் பழகுங்கள்.

கடைசியாக கோல்ட்ஹார்பர் இறக்கம். நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைத்தண்ணீரும் மென்மையான மணற்கல்லை அரித்ததால், அந்தச் சாலை இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கும் மேலான கரைகளுக்கு நடுவே குடைந்து இறங்குகிறது. கரையில் மரவேர்கள் தொங்கும், மேலே கிளைகள் கூடி நிழல் இருண்டிருக்கும், வெயில் நாளிலும் தரை ஈரமாக இருக்கலாம். எதிரே கார் வந்தால் ஒதுங்க இடம் குறைவு. குதிரை வந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, ஓட்டுபவர் கை காட்டிய பிறகு அகலம் விட்டுக் கடக்க வேண்டும். மேலேயே நின்று மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன் பின் விளக்கைப் போடுங்கள். கைகளைக் கைப்பிடியின் கீழ் வளைவில் வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே பிரேக் பிடித்து இறங்குங்கள். இரண்டு விரலால் பிரேக் பிடிக்கும்போது கை நடுங்கினால் ஓரமாக நின்று ஓய்வெடுங்கள். டார்கிங் இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர்தான்.