டூல் பாக்ஸ் வாங்குவதற்கு முன்: ஒரு லாரி மெக்கானிக்கின் பதில்கள்

நாமக்கல்லில் கனரக வண்டி வேலையில் எனக்கு இது 26வது வருடம். அதற்குள் ஏழு டூல் பாக்ஸ் வைத்திருந்தேன். மூன்று இன்றைக்கும் வேலையில் இருக்கின்றன, நான்கு காயலான் கடைக்குப் போய்விட்டன. அந்த நான்கும் ஏன் போயின என்பதை வைத்துத்தான் கீழே உள்ள பதில்களைச் சொல்கிறேன்.

ஐடிஐ முடித்து கார் சர்வீஸ் சென்டரில் சேர்ந்திருக்கிறேன் அண்ணா. முதல் டூல் பாக்ஸ் வாங்க வேண்டும். கையில் ஐயாயிரம் இருக்கிறது. எதை வாங்கலாம்? (கரூர்)

தம்பி, அந்தப் பணத்தில் பெரும்பகுதியை ஸ்பேனருக்கும் சாக்கெட் செட்டுக்கும் போடு. மீதியில் ஐந்து தட்டு இரும்புப் பெட்டி ஒன்று எடு. நடுவில் ஆழமான அறை, இரண்டு பக்கமும் விரிகிற நான்கு தட்டு உள்ள அதே பழைய மாடல்தான். முதல் இரண்டு வருடத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

கடையில் நிற்கும்போது மூன்று விஷயம் பார். பெட்டியை முழுதாகத் திறந்து, தட்டுகளைத் தூக்குகிற பட்டைகளை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ரிவெட் புதிதிலேயே ஆடினால் ஆறு மாதத்தில் ஓட்டை நீளமாகி, தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அடுத்து கைப்பிடி. அது இரண்டு ரிவெட்டில் நிற்கிறதா, தகட்டுக்கு உள்ளே தனியாக ஒரு பட்டை வைத்துப் பிடித்திருக்கிறதா என்று பார். என் முதல் பெட்டி பஸ் ஸ்டாண்டில் கைப்பிடியோடு பிய்ந்து காலில் விழுந்தது. தகடு ஒன்றும் ஆகவில்லை, கைப்பிடி உட்கார்ந்திருந்த இடம்தான் கிழிந்தது. மூன்றாவது, மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்கிறதா. நீ அழுத்திச் சேர்க்க வேண்டியிருந்தால் அந்தப் பெட்டி கோணல்.

வாங்கிய பிறகு சுத்தியல், பெரிய ரிங் ஸ்பேனர், பேரிங் கழற்றுகிற புல்லர் எல்லாம் அடியில் போடு. தட்டில் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சின்ன சாக்கெட் மட்டும்.

சக்கரம் வைத்த டிராயர் டிராலி வாங்கப்போகிறேன். 18 கேஜா, 20 கேஜா? கடைக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (சேலம்)

எல்லோரும் முதலில் கேட்பது தகட்டின் தடிமனைத்தான். ஆனால் டிராலி சாவது தகட்டால் அல்ல. அசைகிற இடங்களில்தான் அது சாகும்: டிராயர் ஓடுகிற ரன்னர், சக்கரம், கீல், பூட்டு. 22 கேஜ் பெட்டி நல்ல ரன்னரோடு பத்து வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். 18 கேஜ் பெட்டி மோசமான ரன்னரால் ஒரே வருடத்தில் டிராயர் திறக்காமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் கணக்கைச் சொல்கிறேன். கேஜ் எண் குறையக் குறைய தகடு தடிப்பு. 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் சுமார் 0.7. கேஜ் அட்டவணை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதால் எத்தனை மில்லிமீட்டர் என்றே கேளுங்கள். வெர்னியர் கையில் இருந்தால் டிராயர் விளிம்பில் வைத்து அளந்தே விடலாம், பெயின்ட்டுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். வெளிச் சட்டத்துக்கு 1.2, டிராயருக்கு 0.9 இருந்தால் கார் வேலைக்குத் தாராளம்.

இப்போது ரன்னர். மலிவான டிராலியில் தகட்டின் மேல் தகடு உரசி ஓடும். கிரீஸ் போட்டால் நன்றாக ஓடும், ஆனால் தூசி சேர்ந்து அரைக்கும். பால் பேரிங் ரன்னர்தான் வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கிற 45 மி.மீ. உயர ரன்னர் ஒரு ஜோடி 35 முதல் 45 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது சுமை டிராயர் முழுக்கப் பரவி இருக்கும்போது. சாக்கெட் செட் முழுவதையும் முன்பக்கம் குவித்தால் அந்தக் கணக்கு செல்லாது. கனமான டிராயருக்கு இரண்டு ஜோடி ரன்னர் போட்டுத் தருகிற தயாரிப்புகளும் உண்டு. அடி டிராயருக்கு அப்படி இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

சோதனை இதுதான். டிராயரை முழுதாக வெளியே இழுங்கள். முன் விளிம்பை ஒரு கையால் கீழே அழுத்தி, இடமும் வலமும் ஆட்டுங்கள். கொஞ்சம் தணியலாம், கடகடவென்று ஆடக் கூடாது. அப்புறம் ஒரு மூலையில் மட்டும் ஒரு விரல் வைத்து உள்ளே தள்ளுங்கள். நல்ல ரன்னர் என்றால் நேராகப் போய் உட்காரும், கோணலாகச் சிக்காது. ரன்னர் ஸ்க்ரூவில் பிடித்திருக்கிறதா, வெல்டிங்கா என்பதையும் பாருங்கள். ஸ்க்ரூ என்றால் பத்து வருடம் கழித்து ரன்னரை மட்டும் மாற்றிவிடலாம். வெல்டிங் என்றால் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

சக்கரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். பட்டறைத் தரை சமமாக இருக்காது, பல நேரம் ஒரு சக்கரம் காற்றில்தான் நிற்கும். பெட்டியும் டூலும் சேர்ந்து 300 கிலோ என்றால் ஒரு சக்கரம் 100 கிலோ தாங்க வேண்டும். சிமெண்ட் தரையில் இரும்புத் துகள் கிடந்தால் நைலான் சக்கரம் சத்தம் போடும், குதிக்கும். பாலியூரித்தேன் சக்கரம் எடுங்கள். டயர் விட்டம் ஐந்து அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது உயிர் விஷயம். மேல் டிராயர்களில் கனம் ஏற்றி, இரண்டு மூன்றை ஒன்றாகத் திறந்தால் டிராலி முன்னால் கவிழும். ஒரு டிராயர் திறந்திருந்தால் இன்னொன்று திறக்காத பூட்டு அமைப்பு உள்ளதே நல்லது. அது இல்லையென்றால் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்: ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்தது.

பவுடர் கோட்டிங் நல்லதா, சாதா பெயின்ட்டா? (ஈரோடு)

பவுடர் கோட்டிங். அடுப்பில் 180, 200 டிகிரியில் உருக்கிப் பிடிக்க வைப்பதால் டீசல் பட்டாலும் சீக்கிரம் உரியாது. பிரேக் ஆயில் பட்டால் மட்டும் உடனே துடைத்துவிடுங்கள், அது எந்தப் பெயின்ட்டையும் விடாது.

போர்வெல் ரிக்கில் ஓடுகிறோம். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் பத்து மாதம் வண்டியில்தான். கடையில் வாங்கிய எந்தப் பெட்டியும் ஒரு சீசன் தாண்டுவதில்லை. (திருச்செங்கோடு)

கடைப் பெட்டி உங்களுக்கு ஆகாது. அது ஓரிடத்தில் நிற்பதற்குச் செய்தது. ரிக்கில் கம்ப்ரசர் அதிர்வு, மண் ரோடு, சேற்றுத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அடிக்கும். நீங்களே செய்து மாட்டுங்கள். பாடி கட்டுகிற பட்டறைக்காரர்கள் செய்து தருவார்கள், ஆனால் என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடித்தகடு 2 மி.மீ., பக்கமும் மூடியும் 1.6. அதற்கு மேல் தடிப்பு கேட்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மி.மீ. தடிப்புக்கே 7.85 கிலோ இருக்கும், எடை கூடக் கூட பெட்டியின் சொந்தக் கனமே போல்ட்டைப் பிய்க்கும். மூலைகளில் புள்ளி வைக்காமல் முழு நீளத்துக்கும் வெல்டிங் கேளுங்கள். விட்ட இடைவெளியில்தான் தண்ணீர் புகுந்து உள்ளிருந்து துருப்பிடிக்கும். கீல் இரண்டு சின்னதாக வேண்டாம், மூடியின் முழு நீளத்துக்கும் ஒரே கீல். மூடி பெட்டிக்கு வெளியே ஒரு அங்குலம் இறங்கி மூட வேண்டும், கொஞ்சம் சரிவும் இருக்க வேண்டும். அடியில் இரண்டு மூலையில் தண்ணீர் வடிய ஓட்டை வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு அடைத்தாலும் தண்ணீர் வரும், வெளியே போக வழி வேண்டும்.

சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டும்போது நடுவில் ரப்பர் பேட், அதிர்வில் தளராத நைலாக் நட். வெல்டு வைத்து ஒட்டாதீர்கள். சேஸிஸ் வளையும், பெட்டி வளையாது, இரண்டுக்கும் நடுவில் வெல்டிங் விரிந்துவிடும். தவிர, சேஸிஸில் கண்ட இடத்தில் சூடு ஏற்றவும் கூடாது.

உள்ளே டிராயர் வேண்டாம். கித்தான் துணியில் தைத்த ஸ்பேனர் உறை வாங்கி அளவு வாரியாகச் செருகிச் சுருட்டிக் கட்டுங்கள். அதிர்வில் இரும்பும் இரும்பும் முட்டாமல் இருந்தாலே டூலுக்குப் பாதி ஆயுள் கூடும்.

படகு இன்ஜின் வேலை. எந்தப் பெட்டியில் வைத்தாலும் ஸ்பேனர் துருப்பிடிக்கிறது. அலுமினியப் பெட்டி வாங்கினால் சரியாகுமா? (நாகப்பட்டினம்)

பெட்டி துருப்பிடிக்காது, உள்ளே இருக்கிற ஸ்பேனர் பிடிக்கும். அலுமினியமும் உப்புக் காற்றில் வெள்ளை பூத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். இரும்பு போல்ட் போட்டிருந்தால் அதைச் சுற்றி இன்னும் வேகமாக. அலுமினியம் வாங்கினால் ரிவெட்டும் அலுமினியமாக இருக்கட்டும்.

உங்கள் சிக்கல் ஈரத்தோடு மூடுவதுதான். உப்புத் தண்ணீர் பட்ட டூலை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, ஆயில் துணியால் ஒரு தடவு தடவி வையுங்கள். உப்பின் மேல் ஆயில் தடவினால் பயன் இல்லை. பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் விரித்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காத ரப்பர் பாய் போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது, அதை அவ்வப்போது சூடாக்கிக் காயவைத்தால்தான் வேலை செய்யும். எங்கள் ஊர் லேத் பட்டறைகளில் டிராயருக்கு ஒரு சூடக்கட்டி போடுவது வழக்கம். அது ஆவியாகி இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படியும். மூடிய பெட்டியில் பலன் தெரியும்.

இன்னொன்று: பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலோ பேட்டரி ஆசிட்டோ அதே அறையில் இருக்கிறதா? அந்த ஆவி ஒன்றே போதும், எல்லா டூலும் சிவந்துவிடும்.

பிளாஸ்டிக் பெட்டி தொழிலுக்கு ஆகுமா? (மதுரை)

எலக்ட்ரீஷியனுக்கும் ஏசி வேலைக்கும் ஆகும். எடை குறைவு, துரு இல்லை. வெயிலில் வண்டி மேலேயே கிடந்தால் நொறுங்கும். முதலில் உடைவது கொக்கிதான், கொக்கி உலோகமாக இருப்பதைப் பாருங்கள். இன்ஜின் வேலைக்கு நான் வாங்க மாட்டேன்.

சவூதிக்கு மெக்கானிக் வேலைக்குப் போகிறேன் அண்ணே. என் டூலைப் பெட்டியோடு கொண்டுபோகலாமா? (ராமநாதபுரம்)

இரும்புப் பெட்டி வேண்டாம், பெட்டியின் எடையே உங்கள் லக்கேஜைத் தின்றுவிடும். துணி உறையில் சுருட்டி சூட்கேஸ் நடுவில் வையுங்கள். டூல் எல்லாம் செக்-இன் லக்கேஜில்தான், கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். ஆனால் கார்ட்லெஸ் மெஷினின் தனி லித்தியம் பேட்டரி நேர்மாறு, அது கைப்பையில்தான் வர வேண்டும், முனையில் டேப் ஒட்டி. 100 வாட் ஹவர் வரை சாதாரணமாக விடுவார்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 90. புறப்படும் முன் உங்கள் விமானத்தின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் தேக்குப் பெட்டி இருக்கிறது. அவர் டர்னர், லேத் ஓட்டியவர். ஸ்பேனர் போட்டு வைக்கலாமா, விற்றுவிடலாமா? (கோயம்புத்தூர்)

விற்காதீர்கள், ஸ்பேனரும் போடாதீர்கள். மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் வைக்க மரப் பெட்டியை விட நல்ல இடம் இல்லை. குளிர்ந்த இரும்புப் பெட்டியில் ஈரம் முத்து முத்தாகக் கோக்கும், மரத்தில் அப்படிக் கோக்காது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜெர்ஸ்ட்னர் என்ற நிறுவனம் 1906இல் தொடங்கி, உள்ளே ஃபெல்ட் ஒட்டிய மரப் பெட்டிகளை டர்னர்களுக்கென்றே செய்துவருகிறது. உங்கள் தாத்தா அதே காரணத்துக்காகத்தான் தேக்கைத் தேர்ந்தெடுத்திருப்பார். கீலை மட்டும் பித்தளையில் மாற்றுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய வெளிநாட்டு டிராலி ஒன்று பார்த்தேன். வாங்கலாமா? (சென்னை)

டேப் எடுத்துக்கொண்டு போங்கள். முன்பக்கம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் எங்கேயோ விழுந்த பெட்டி, விட்டுவிடுங்கள். அடி டிராயரை முழுதாகக் கழற்றி, பின் மூலையில் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். பெயின்ட் போனது, பூட்டு இல்லாதது, சக்கரம் உடைந்தது எல்லாம் விலை குறைக்க நல்ல காரணம், வாங்காமல் விட அல்ல. பழைய கனமான பெட்டிக்குப் புது ரன்னரும் சக்கரமும் போட்டு நான் 14 வருடமாக ஓட்டுகிறேன்.

டூ வீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன் அண்ணா. மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். பெட்டி நல்லாத்தான் இருக்கிறது, வாரம் ஒரு 10 நம்பர் ஸ்பேனர் காணாமல் போகிறது. பூட்டு மாற்றவா? (திண்டுக்கல்)

பூட்டு ராத்திரிக்கு அம்மா. பகலில் போகிற ஸ்பேனர் பெரும்பாலும் வாடிக்கையாளர் வண்டியின் சீட்டுக்கு அடியில்தான் போகிறது. கெட்டியான ஃபோம் ஷீட் வாங்கி, ஒவ்வொரு டூலின் உருவத்திலும் வெட்டி டிராயரில் பதியுங்கள். அடியில் மஞ்சள் ஷீட், மேலே கறுப்பு. டூல் இல்லாத இடம் மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். மூன்று பையன்களுக்கும் தனித்தனி டிராயர் கொடுத்து, பிடியில் மூன்று நிற டேப் சுற்றுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே எடுக்கும் முன் டிராயரைத் திறந்து ஒரு பார்வை. மஞ்சள் தெரிந்தால் வண்டி நகரக் கூடாது என்று வைத்துவிடுங்கள்.