லெசோத்தோவின் ஜீன்ஸ் – கடிதமும் பதிலும்

ஐயா, நான் எம்.பி.ஏ. மாணவன். ஆப்பிரிக்க ஆடைத் தொழிலைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். வெளிநாட்டு முதலீட்டால்தான் அங்குள்ள பெண்களுக்கு வேலை கிடைத்தது. உரிமை, சட்டம் என்று நெருக்கினால் கம்பெனிகள் கிளம்பிவிடாதா? எத்தியோப்பியாவில் அதுதானே நடந்தது?

அன்புள்ள தம்பி,

எத்தியோப்பியாவை முதலில் முடித்துவிடுகிறேன். ஹவாசா தொழிற்பூங்காவில் 2019இல் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர். தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஊதியமே கிடையாது. அங்கே எந்த உரிமை யாரை நெருக்கியது? 2021இல் பிவிஎச் (கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி) வெளியேறியதும், 2022 ஜனவரியில் எத்தியோப்பியப் பொருட்களுக்கான வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியதும் உள்நாட்டுப் போரை ஒட்டி. ஆய்வு செய்கிறவர் இதைக்கூடப் பார்க்காமல் எழுதலாமா?

நீங்கள் படிக்க வேண்டியது தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட குட்டி நாடான லெசோத்தோவை. அங்கே தைவானின் நியென் சிங் ஆலைகள் லீவைஸ், ராங்க்ளர் ஜீன்ஸ் தைத்தன. சுமார் 10,000 தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். வேலையில் நீடிக்க சூப்பர்வைசர் ஆசைக்கு இணங்க வேண்டிய கொடுமை 2019இல் வெளியே வந்தது. லீவைஸ் 1991இலேயே சப்ளையர்களுக்கு விதிமுறை எழுதியது. அதன்படி நடக்கிறார்களா என்று ஆலைக்குள் வந்து பார்க்கும் ஆடிட்டும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றும் சிக்கவில்லை.

ஏன் சிக்காது என்று எனக்குத் தெரியும். என் சித்தி மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஆடிட் என்றால் அன்றைக்கு மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும், எல்லோருக்கும் மாஸ்க் கிடைக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பாடம் நடக்கும். எச்.ஆர். ஆள் பக்கத்தில் நிற்க, எந்தப் பெண் வாய் திறப்பாள்? "நல்லா வச்சிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள். காசு கொடுத்து நடத்தும் இந்த நாடகத்தைத்தான் உங்கள் பாடப்புத்தகங்கள் கண்காணிப்பு என்கின்றன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

லெசோத்தோவில் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் பிராண்டுகளோடும் நிர்வாகத்தோடும் உட்கார்ந்து பேசி 2019 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டன. புகாரை ஆலைக்கு வெளியே உள்ள தனி அமைப்பு விசாரிக்கும். நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைத்தே ஆக வேண்டும். ஆர்டர் போகும் என்றால்தான் முதலாளிக்குக் காது கேட்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். 2022 ஏப்ரலில் திண்டுக்கல்லில் ஓர் ஆடை ஆலையிலும் இதேபோல் ஒப்பந்தம் வந்தது, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கத்தின் போராட்டத்தால். அதற்கு முன் அங்கே வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது.

ஆய்வேட்டை முடித்ததும் அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். அதற்கு முன் ஒரு தொழிலாளியிடமாவது ஆலைக்கு வெளியே உட்கார்ந்து பேசுங்கள். எச்.ஆர். ஏற்பாடு செய்யும் பேட்டி வேண்டாம்.