மொழி தெரியாத வெளிநாட்டு ஊருக்குத் திட்டமே இல்லாமல் காரில் போயிருக்கிறீர்களா? எப்படிச் சமாளித்தீர்கள்?

போயிருக்கிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து காத்மாண்டு வரை. சித்தப்பா, பெரியப்பா மகன் அண்ணன், நான். மூன்று பேருக்கும் இந்தி வராது. நேபாளி ஒரு சொல்கூடத் தெரியாது.

2023-ல் தாத்தா தவறிப்போனார். அந்த வருஷம் வீட்டில் தீபாவளி கிடையாது. ஊரே வெடி வெடிக்கிற நேரத்தில் வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட, காசிக்குப் போய் அஸ்தியைக் கரைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். எங்கள் ஊர் வழியாகப் போகிற பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை, காசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த 2,369 கிலோமீட்டர் ரோடு. இப்போது நம்பர் மாறிவிட்டாலும் லாரிக்காரர் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார். மாங்காய் வியாபாரத்துக்குப் பெங்களூரும் சித்தூரும் போய்வருகிற சித்தப்பாவுக்குக் கன்னடமும் தெலுங்கும் தண்ணி பட்ட பாடு. ஆதிலாபாத் தாண்டியதும் இரண்டுமே செல்லவில்லை. அதற்குப் பிறகு தாபாக்களில் டி.என். 28 நாமக்கல் வண்டிகளைத் தேடித்தான் நிறுத்தினோம்.

காசியில் காரியம் முடிந்த மறுநாள் டீ குடிக்கும்போது அண்ணன் மேப்பைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, நேபாள எல்லை இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர்தான்" என்றார். "அப்ப பசுபதிநாதரையும் பாத்துட்டே போயிடலாம்டா. அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்த கோயிலு" என்றார் சித்தப்பா. துக்க வருஷத்தில் மலைக்கோயில் ஏறக் கூடாது என்பார்கள். இது காத்மாண்டில் பாக்மதி ஆற்றங்கரைக் கோயில்தானே என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார்.

கோரக்பூர் தாண்டிச் சோனாலியில் எல்லை. நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். காருக்கு ஆர்.சி. புக், லைசென்ஸ் காட்டி, எத்தனை நாள் இருப்போம் என்று சொல்லி, நாள் கணக்கில் 'பன்சார்' என்கிற சுங்க வரி கட்ட வேண்டும். கொடுத்த சீட்டில் வருஷம் 2080 என்றிருந்தது, அவர்கள் காலண்டரான விக்கிரம சம்வத் கணக்கு. திரும்ப வேண்டிய தேதியை நம் காலண்டர்படி எழுதித் தரச் சொல்லி டைரியை நீட்டினார் அண்ணன். நீங்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தேதி தாண்டினால் அபராதம்.

புட்வலிலிருந்து நாராயண்காட் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே புழுதி, ஜல்லி. பின் டயர் இறங்கிவிட்டது. பஞ்சர் கடைப் பையனிடம் அண்ணன் "டயர்... ஏர்... ப்ராப்ளம்" என்று தேடித் தேடிச் சொன்னார். அவன் முழித்தான். சித்தப்பா முன்னால் வந்து, நம்மூர்க் கடையில் பேசுகிற மாதிரியே ஆரம்பித்தார்: "தம்பி, இங்க பாரு சாமி, காத்து எறங்கிட்டே இருக்குது. ஆணி கீணி ஏறியிருக்கும். கழட்டிப் பாரு." சொல்லும்போதே கை டயரை அமுக்கியது, விரல் ஆணி மாதிரி குத்திக் காட்டியது. பையன் ஜாக்கியோடு வந்துவிட்டான். வேலை முடிந்ததும் டிக்கிக் கதவில் படிந்த புழுதியில் கூலியை விரலால் எழுதினான், அவர்கள் எண்ணில். நாங்கள் விழிப்பதைப் பார்த்துவிட்டு அதன் கீழேயே 200 என்று எழுதினான். நேபாள ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60 என்பது 1993 முதல் மாறாத கணக்கு, ஆகவே நமக்கு 125.

அன்றிலிருந்து நானும் தமிழிலேயே பேசினேன். அரைகுறை இங்கிலீஷில் வார்த்தையைத் தேடும்போது முகமும் கையும் அப்படியே நின்றுவிடுகின்றன. சொந்தப் பேச்சில் அவை தானாக வேலை செய்கின்றன, எதிரில் இருப்பவர் அதைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார். மருந்துக் கடையில் மட்டும் இதை நம்பாதீர்கள். சித்தப்பாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பழைய அட்டையைக் காட்டி, பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம்.

நாராயண்காட் லாட்ஜில் மறுநாள் காலை, வீட்டுக்கார அம்மா மொட்டை மாடிச் சுவரில் இலை வைத்துச் சோறு போட்டுக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்களுடைய திஹார் பண்டிகையின் முதல் நாள், காக்கைக்கு உரியது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. சித்தப்பா பேசாமல் போய்ப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தார், இன்னொரு இலையை எடுத்துக் கையில் கொடுத்தார். காக்கை வந்து எடுக்கிற வரைக்கும் இருவரும் அங்கேயே நின்றார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது அந்தக் காலைதான்.

முக்ளிங் வழியாகத் திரிசூலி ஆற்றோரமாகவே ஏறி, நௌபீசேக்கு மேல் லாரிகளின் பின்னால் ஊர்ந்து காத்மாண்டு சேர்ந்தோம். தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பழகிய கைக்கு அந்த ஏற்றம் சிரமமாக இல்லை. மறுநாள் நமக்குத் தீபாவளி, அங்கே நாய்களுக்குப் பூஜை. தெரு நாய்கள்கூட நெற்றியில் பொட்டும் கழுத்தில் செண்டுமல்லி மாலையுமாகத் திரிந்தன.

பசுபதிநாதர் கோயிலின் முக்கிய அர்ச்சகர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிற பட்டர்கள். சித்தப்பாவுக்கு இது தெரியும். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து ஒருவரிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். ஊர் எது என்று கேட்டு, தாத்தா பெயர், கோத்திரம் எல்லாம் விசாரித்து, பொறுமையாகப் பிரசாதம் தந்தார் அவர். நாள் கணக்கில் கையாலேயே பேசிவந்த சித்தப்பா அன்று வாய் ஓயாமல் பேசினார்.

நீங்கள் போவதானால் தீபாவளியை ஒட்டிப் போங்கள், மழைக்காலம் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலையில் நாராயண்காட்–முக்ளிங் சாலையில் மண் சரிந்து இரண்டு பேருந்துகளைத் திரிசூலியில் தள்ளிவிட்டது. ஃபாஸ்டேக் அங்கே உதவாது, சிம் எல்லையிலேயே வாங்கிவிடுங்கள், நூறு ரூபாய்த் தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை: சோறும் பருப்பும் போதும் என்கிற வரை போடுவார்கள்.