கிணற்றில் வந்த 'கல்மரம்': விற்கலாமா, கனடாவுக்கு அனுப்பலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவருடைய கேள்வி இது:

"ஐயா, சின்ன வயதிலிருந்தே எனக்குக் கல் சேர்க்கும் பழக்கம். போன வருடம் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த எங்கள் பேமிட் காணியில் கிணற்றை ஆழமாக்கியபோது மரம் மாதிரியே வரி ஓடிய கற்கள் வந்தன. காட்டுக்குள் ஓர் ஓடைக்கரையிலும் கொஞ்சம் கிண்டி எடுத்தேன். இப்போது வீட்டில் முப்பது கிலோ இருக்கும். கொழும்பிலிருந்து ஒருவர் விலை பேசுகிறார். கனடாவில் உள்ள அண்ணா, நாளுக்கு 25 இறாத்தல் எடுக்கச் சட்டம் விடுகிறது, தனக்கும் அனுப்பு என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸ் பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி?"

அண்ணா சொன்ன கணக்கு உண்மையில் இருக்கிறது, ஆனால் அது அமெரிக்காவின் கணக்கு. அங்கே மத்திய அரசின் சில பொது நிலங்களில் சொந்தப் பாவனைக்கு நாளுக்கு 25 இறாத்தலும் கூடவே ஒரு துண்டும், வருடத்துக்கு 250 இறாத்தல் வரையும் கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழங்கால மரம், எடுக்கலாம். விற்க முடியாது. முல்லைத்தீவில் அது செல்லாது.

இங்கே 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் இருக்கிறது. மண் யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனிப்பொருள் குடியரசுக்குச் சொந்தம். சொந்தமாக உறுதி உள்ள காணிக்கே இதுதான் நிலை, பேமிட் காணிக்குக் கேட்கவே வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தேடுவது, அகழ்வது, ஏற்றிச் செல்வது, விற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லாமே குற்றம். நீங்கள் தண்ணீருக்குக் கிணறு வெட்டினீர்கள், கனிப்பொருள் தேடவில்லை. இதை நீதவான் முன் நான் தயங்காமல் சொல்வேன். கொழும்புக்காரரிடம் நீங்கள் காசு வாங்கிய பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு உண்மையான கவலை அந்த ஓடைக்கரைக் கற்கள்தான். ஒதுக்கக் காட்டுக்குள் இருந்து கல் எடுத்தாலே 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கு மேல் இன்னொன்று. வன்னியில் மண்வெட்டியோடு காட்டுக்குள் குழி தோண்டிய ஆளைக் கண்டால் பொலிசுக்கு முதலில் நினைவு வருவது புதையல். தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு, சொந்தக் காணியிலும் அனுமதி வேண்டும். "நான் கல்தான் தேடினேன்" என்று நிரூபிக்கும் பாரம் நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழும். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களும் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து இனி அங்கே போய்க் கிண்டாதீர்கள்.

சரி, அது கல்மரம்தானா? நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக வரி, கறுப்பு வரிக்குள் மைக்கா மினுங்குகிறது. வன்னியின் அடிப்பாறை பெரும்பாலும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. அப்போது உலகில் மரமே இல்லை. அந்தப் பாறையிலிருந்து உடைந்த வரிக்கல்லைப் பலர் மரம் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையான கல்மரத்தில், நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் கலங்களுக்குள் புகுந்து இறுகியிருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்களோ நுண்ணிய துளைகளோ ஒழுங்காகத் தெரிய வேண்டும். வெறும் பட்டையும் மினுக்கமும் என்றால் அது வரிக்கல். இலங்கையில் தாவர உயிர்ச்சுவடுகளுக்குப் பேர்போன இடம் புத்தளம் பக்கத்துத் தப்போவ.

வரிக்கல் என்று தெரிந்துகொண்டே கல்மரம் என்று விற்றால் அது மோசடி. மாறாக, மணிக்கல்லாகப் பட்டை தீட்டக்கூடிய துண்டு என்றால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் விதிகளும் சேர்ந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது அவசரமில்லாத வேலை. விலை பேசியவருக்கு 'இல்லை' என்று சொல்லுங்கள். அண்ணாவுக்குப் படம் மட்டும் அனுப்புங்கள். கிணற்றுக் கற்களையும் காட்டுக் கற்களையும் ஒருபோதும் கலக்காமல் தனித்தனிச் சாக்கில் போட்டு, எந்த நாள், எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிணறு வெட்டிய ஆட்களின் பெயரையும் குறியுங்கள், அவர்கள்தான் உங்கள் சாட்சி. அப்புறம் கிணற்றுக் கற்களைப் பற்றிக் கிராம அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அந்தப் பிரதியையும் கற்களின் படங்களையும் கொண்டு புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்குப் போய், கற்களை அடையாளம் காட்டித் தரும்படி கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை கற்களை வீட்டை விட்டு நகர்த்த வேண்டாம். காட்டுக் கற்களைப் பற்றி மட்டும் யாரிடமும் எழுத்தில் கொடுக்கும் முன் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். பயத்தில் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டில் கொட்டவும் வேண்டாம்.

அதற்கு முன்னரே பொலிஸ் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், எதையும் ஒளிக்காதீர்கள். ஆனால் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.