கார் ஷெட் கூரை மாற்றுகிறோம்: எவ்வளவு வாட்டம், எத்தனை அடிக்கு ஒரு பைப்?

கேள்வி இதுதான்: கிருஷ்ணகிரியில் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 12 அடி அகலம், 18 அடி நீளத்தில் கார் ஷெட். சவுக்குக் கழி மேல் கிட்டத்தட்ட மட்டமாகப் போட்ட பழைய சிமெண்ட் ஷீட் ஒழுகுகிறது. அதே மாதிரி மட்டமாகவே தகர ஷீட் போடலாமா, குறுக்குப் பைப் எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும்?

மட்டமாகப் போடாதீர்கள். 12 அடிக்கு இரண்டு இன்ச் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) போதும் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கட்டி முடித்த அன்று தண்ணீர் ஓடத்தான் செய்யும். ஆனால் எந்தப் பைப்பும் பாரம் ஏறினால் நடுவில் தொய்யும். இரண்டு தாங்கலுக்கு நடுவே 11 அடி இருக்கும் பைப் நடுவில் அரை இன்ச் தொய்ந்தாலே, தாழ்ந்த முனைப் பக்கம் வாட்டம் 12 அடிக்கு ஒன்றரை இன்ச்சுக்கு மேல் குறைந்துவிடும். நீங்கள் வைத்ததே இரண்டு இன்ச். மிச்சம் என்ன இருக்கிறது? தண்ணீர் அங்கே நிற்கும், ஷீட் ஒட்டு வழியாக உள்ளே ஏறும், ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கும். உங்கள் கழிகள் பல வருஷமாகத் தொய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டதால்தான் இப்போது குட்டை கட்டுகிறது.

டிரபீசியம் வடிவ (தட்டையான மேடும் பள்ளமுமாக மடித்த) தகர ஷீட்டுக்கு அடிக்கு ஒரு இன்ச் வாட்டம் வையுங்கள். கிட்டத்தட்ட 5 டிகிரி வரும். 12 அடிக்கு 12 இன்ச். வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு பக்கம் இறங்க வேண்டும். 18 அடி நீளவாக்கில் வைத்தால் உயர வித்தியாசம் ஒன்றரை அடியாகிவிடும், ஷீட்டும் நீளமாகி ஏற்றுவதற்குச் சிரமம். குறுக்காக வைத்தால் 12 அடி ஷீட் ஒரே துண்டாக, நடு ஒட்டு இல்லாமல் வந்துவிடும். குறைந்த வாட்டத்தில் நடு ஒட்டு இல்லாததே பாதி நிம்மதி.

உயரத்தைக் குறிக்க டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) போதும். காம்பவுண்டு பக்கம் உத்தரப் பைப்பின் (சுவரிலிருந்து எதிர்ப்பக்கக் காலுக்குப் போகும் பெரிய பைப்) அடிப்பாகம் தரையிலிருந்து 8 அடி என்று வைத்துக்கொண்டால், சுவரில் அதே மட்டத்தை எடுத்து அதற்கு மேல் 11 இன்ச் ஏற்றிக் கோடு போடுங்கள். கால் நிற்பது காம்பவுண்டிலிருந்து ஒரு அடி உள்ளே என்பதால் 12 இல்லை, 11. கார் ஷெட் தரையே வாசல் பக்கம் சரிவாக இருக்கும், அதனால் ஒவ்வொரு காலுக்கும் தரையிலிருந்து அளக்காமல் ஒரே மட்டக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேல் இன்னும் உயரம் தேவை என்பதையும் பாருங்கள். உத்தரம் 4 இன்ச், அதன்மேல் குறுக்குப் பைப் 2 இன்ச், ஷீட் ஒரு இன்ச், பிளாஷிங் (சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தை மூடும் தகரப் பட்டை) 6 இன்ச். மொத்தம் ஒரு அடிக்கு மேல். சுவரில் சன்ஷேடோ வென்டிலேட்டரோ இந்த இடத்தில் குறுக்கிட்டால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இனி இரும்பு. உத்தரத்துக்கு 4க்கு 2 இன்ச் பைப், 3 மி.மீ கனம், 4 இன்ச் பக்கம் செங்குத்தாக. 6 அடிக்கு ஒன்று வீதம் நான்கு. படுக்கவைத்து வெல்டிங் அடித்தால் அதே பைப் அதே பாரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தொய்யும். உத்தரத்தின் மேல், ஷெட்டின் நீளவாக்கில் குறுக்குப் பைப், 2க்கு 1 இன்ச், 2 மி.மீ கனம், இதுவும் நிமிர்த்தி, ஏறக்குறைய 3 அடிக்கு ஒன்றாக ஐந்து வரிசை. முதல் வரிசை சுவரிலிருந்து 4 இன்ச், கடைசி வரிசை உத்தரத்தின் கீழ் முனையில். கடையில் 1.2 மி.மீ பைப்பை எடுத்துக் கொடுப்பார்கள், விலையும் குறைவுதான். வெல்டிங்கில் ஓட்டை விழும், ஸ்க்ரூவின் மரையும் பிடிக்காது. எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பைப் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 இன்ச் நீளத்தில் வருகிறது. குறுக்குப் பைப் ஒரு வரிசைக்கு ஒன்று, ஒட்டே வேண்டாம், இருபுறமும் 9 இன்ச் தள்ளி நிற்கும். 4க்கு 2 பைப்பில் பதினொன்றரை அடியை உத்தரத்துக்கு வெட்டினால் மீதி 8 அடி காலுக்கு ஆகிவிடும். நான்கு பைப்பில் நான்கு உத்தரம், நான்கு கால், வீணே இல்லை. காலின் 4 இன்ச் பக்கம் ஷெட்டின் நீளவாக்கில் இருக்கட்டும். கடைசி இரண்டு உத்தரங்களுக்கு நடுவே கூரைத் தளத்தில் மூலைக்கு மூலை ஒரு பைப் அடித்தால் ஆட்டம் நிற்கும்.

பாரத்தை விடக் காற்றுக்குப் பயப்படுங்கள். இந்தக் கூரையின் மொத்த எடை முந்நூறு கிலோகூட வராது. சித்திரை, வைகாசியில் மாந்தோப்பில் காயை உதிர்க்கிற சூறைக்காற்று, பக்கம் திறந்த ஷெட்டை அடியிலிருந்து தூக்கும்போது ஒன்றரை டன் வரைக்கும் இழுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். (பெங்களூருக்கு அரசு தரநிலையில் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. நம் பக்கம் கடற்கரை அளவு கிடையாது என்றாலும் இந்த இழுப்பு 33க்கே வருகிறது.) அதனால் ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிச் சதுரம், 2 அடி ஆழக் குழி எடுத்து கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு குழி ஏறக்குறைய 300 கிலோ. 8 இன்ச் சதுர, 8 மி.மீ பேஸ் பிளேட், நான்கு 12 மி.மீ போல்ட். கான்கிரீட் தரைக்கு மேல் 3 இன்ச் எழும்பி இருக்கட்டும், கார் கழுவும் தண்ணீர் காலடியில் தேங்கித்தான் துரு ஆரம்பிக்கும். காம்பவுண்டின் கருங்கல் கடக்கால் (அஸ்திவாரம்) அகலமாக இருக்கும் என்பதாலேயே கால் ஒரு அடி உள்ளே. அப்போதுதான் கட்டரும் (கூரை முனையில் தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால்) உங்கள் இடத்திலேயே நிற்கும், பக்கத்து வீட்டோடு சண்டை வராது.

வீட்டுப் பக்கம் செங்கல் சுவரில் விரியும் ஆங்கர் போல்ட் அடிக்காதீர்கள், செங்கல் பிளந்து கழன்று வரும். 6 இன்ச் பிளேட்டில் 12 மி.மீ போல்ட் இரண்டு, சுவரை ஊடுருவி உள்பக்கமும் ஒரு பிளேட். உள்ளே பிளேட் தெரிவது பிடிக்காவிட்டால் கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில் பசை நிரப்பி ஒட்டவைக்கும் போல்ட்).

ஷீட் 0.5 மி.மீ கனம், மூன்றரை அடி அகலம். பக்க ஒட்டு போக மூணேகால் அடி மூடும். ஆறு ஷீட் போதும், 19 அடி சொச்சம் வந்துவிடும். ஸ்க்ரூவை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீரே வாஷருக்கு மேல் நிற்கும். முதல், கடைசி வரிசையில் ஒவ்வொரு மேட்டுக்கும், நடுவில் ஒன்று விட்டு ஒன்று. கருப்பு ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கி விளிம்பு தெரிந்தால் அதுவே இறுக்கம். குவிந்து நசுங்கிவிட்டால் அது சீக்கிரமே வெடித்துக்கொள்ளும். ட்ரில் அடிக்கும்போது விழுகிற இரும்புச் சுருளை அன்று மாலையே பெருக்கித் தள்ளுங்கள். ஒரு மழைக்கு அது அப்படியே பெயிண்டில் துருப்புள்ளி போடும். கட்டிங் மெஷினால் ஷீட்டை வெட்ட விடாதீர்கள், விளிம்பில் துத்தநாகம் எரிந்துபோகும். தகரக் கத்திரி போதும்.

சுவர் ஒட்டில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். சிமெண்ட் வைத்துப் பூசினால் வெயிலில் ஷீட் நீண்டு சுருங்கி அந்தப் பூச்சு வெடிக்கும். சுவரில் ஒரு இன்ச் ஆழக் காடி வெட்டி பிளாஷிங்கின் மேல் மடிப்பைச் செருகி, பாலியூரித்தேன் சீலண்ட் அடியுங்கள். கீழ் மடிப்பு ஷீட் மேல் 8 இன்ச் படிய வேண்டும். மேல் முனையில் ஷீட்டின் பள்ளங்களைக் குறடால் மேல்நோக்கி மடித்துவிட்டால் காற்று தள்ளும் சாரல் உள்ளே போகாது.

கட்டருக்கு 10 அடிக்கு ஒரு இன்ச் சரிவு, 4 இன்ச் இறக்கக் குழாய், மழைநீர் சேகரிப்புக் குழிக்கு. 3 இன்ச் குழாயில் இலை அடைத்துக்கொள்ளும்.

பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காமல், மெஷின் வைக்காமல், நன்றாக நனைத்து, மாஸ்க் போட்டு முழுசாக இறக்குங்கள். அதன் மேல் நேராக ஏறி நிற்கக் கூடாது, பலகை போட்டு நிற்க வேண்டும்.

கட்டாயம் மட்டக் கூரைதான் வேண்டும் என்றால் அது கான்கிரீட் தளம். 5 இன்ச் தளம் ஆறு டன்னுக்கு மேல் வரும், காம்பவுண்டு சுவர் அதைத் தாங்காது. தனித் தூண், பீம், இன்ஜினியர் வரைபடம் எல்லாம் வேண்டும். அதற்கும் வாட்டம் வேண்டும், 12 அடிக்கு இரண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக.

சீலண்ட் காய்ந்ததும் ஓஸ் பைப்பால் கீழ் முனையிலிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் சில நிமிஷம் நிறுத்தினால்தான் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிடிபடும். மேலிருந்து விட்டால் தண்ணீர் எங்கோ புகுந்து எங்கோ சொட்டும்.