கூட்டணிக் கணக்கு: விகிதாசாரத் தேர்தல் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் உள்ள நாடுகளில் கூட்டணி எப்படி அமைகிறது, எப்படி உடைகிறது என்பதைப் பல வருடமாக விடாமல் கவனித்து வருகிறேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 30 சதவீத வாக்குக்கு 30 சதவீத இடம். அவ்வளவுதானே? இதில் என்ன சூட்சுமம் இருக்கிறது?

மீதியில் இருக்கிறது. இடத்தை அரை, கால் என்று வெட்டிக் கொடுக்க முடியாதே. ஐந்து இடம் உள்ள ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அ கட்சிக்கு 58 வாக்கு, ஆ கட்சிக்கு 28, இ கட்சிக்கு 14.

ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் உள்ள டி ஹோண்ட் முறைப்படி, ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போய், வரும் ஈவுகளில் பெரிய ஐந்துக்கு இடம் தருவார்கள். அ கட்சிக்கு 58, 29, 19.3, 14.5. ஆ கட்சிக்கு 28, 14. இ கட்சிக்கு 14. ஐந்தாவது இடம் 14.5 வைத்திருக்கும் அ கட்சிக்கே போகிறது. முடிவு 4, 1, 0.

அதே வாக்கை ஜெர்மனியும் நியூசிலாந்தும் கையாளும் சான்ட் லாகு முறைப்படி 1, 3, 5 என்று வகுத்துப் பாருங்கள். அ கட்சிக்கு 58, 19.3, 11.6. ஆ கட்சிக்கு 28, 9.3. இ கட்சிக்கு 14. இப்போது 3, 1, 1. ஒரு வாக்குகூட மாறவில்லை, ஆனால் இ கட்சி சபைக்குள் வந்துவிட்டது. நாளைக்கு ஆட்சி அமைக்க அந்த ஓர் இடம்தான் தேவைப்படலாம்.

கேள்வி: வெட்டுப்புள்ளி சிறிய கட்சிகளை நசுக்கத்தானே?

இத்தனை சதவீத வாக்காவது வாங்கினால்தான் சபையில் இடம் என்ற வரம்புதான் வெட்டுப்புள்ளி. உதிரிகளாகச் சபை சிதறாமல் இருக்க வைத்தது. ஜெர்மனியில் 5 சதவீதம், அல்லது மூன்று தொகுதியில் நேரடி வெற்றி. இஸ்ரேலில் 3.25. நெதர்லாந்தில் தனியாக வெட்டுப்புள்ளியே இல்லை. 150 இடத்தில் ஓர் இடத்துக்கான வாக்கு இருந்தால் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கருத்துக்கணிப்பில் வரும் சதவீதங்களை அப்படியே கூட்டி யார் ஆட்சி என்று சொல்லாதீர்கள். எந்தக் கட்சி வெட்டுப்புள்ளியைத் தாண்டும் என்று முதலில் பாருங்கள். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் சாரா வாகன்க்னெக்டின் கட்சி 4.98 சதவீதத்தில் நின்றுவிட்டது. அது உள்ளே வந்திருந்தால், 630 பேர் சபையில் 328 இடத்தோடு அமைந்த, மெர்ஸைப் பிரதமராக்கிய கூட்டணிக்குப் பெரும்பான்மையே கிடைத்திருக்காது. மூன்றாவதாக இன்னொரு கட்சியைத் தேடியிருக்க வேண்டும்.

கேள்வி: முதலிடம் பிடித்த கட்சி எதிர்க்கட்சியாக உட்காருவது நியாயமா? நியூசிலாந்தில் 2017இல் நடந்தது மக்கள் தீர்ப்புக்குச் செய்த துரோகம்.

கணக்கை முதலில் வைக்கிறேன். சபையில் 120 இடம், பெரும்பான்மைக்கு 61. நேஷனல் 56, லேபர் 46, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 9, பசுமைக் கட்சி 8, ஆக்ட் 1. நேஷனலும் ஆக்டும் சேர்ந்தால் 57. லேபர், ஃபர்ஸ்ட், பசுமை மூன்றும் சேர்ந்தால் 63. ஃபர்ஸ்ட் கட்சித் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஆட்சி. தேர்தல் நடந்தது செப்டம்பர் 23. அக்டோபர் 19 அன்று நேரலையில் லேபருடன் போவதாக அறிவித்தார். தேர்தலுக்கு ஏழு வாரம் முன்புதான் லேபர் கட்சித் தலைமைக்கு வந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் பிரதமர் ஆனார்.

இந்த முறையில் முதலிடத்துக்குப் பரிசு கிடையாது. 61 பேரைத் தன் பின்னால் திரட்டுகிறவருக்கே ஆட்சி. நேஷனலுக்கு 44.4 சதவீதம் கிடைத்தது. மூன்று கட்சிகளுக்கும் சேர்த்து 50க்குச் சற்று மேல். எது மக்கள் தீர்ப்பு?

அதே நண்பர் மீண்டும்: ஐயா, அந்த 50 சதவீதம் பேர் மூன்று கட்சிகளுக்குத் தனித்தனியாகத்தான் வாக்களித்தார்கள், கூட்டணிக்கு அல்ல. பீட்டர்ஸ் எந்தப் பக்கம் போவார் என்று அவருக்கு வாக்களித்தவருக்கே தெரியாதே.

இது வலுவான வாதம். பாதியை ஒப்புக்கொள்கிறேன். யாருடன் சேருவோம், யாருடன் சேரமாட்டோம் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லுவது கட்சித் தலைமையின் கடமை. சொல்லாமல் விடுவது வாக்காளரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை வாங்குவது மாதிரி.

ஆனால் அதற்குத் தண்டனையும் இதே முறைக்குள் இருக்கிறது. 1996இல், புதிய விகிதாசார முறையில் நடந்த முதல் தேர்தலில், இதே பீட்டர்ஸ் 17 இடம் வாங்கினார். நேஷனலைக் கடுமையாகத் தாக்கிப் பிரசாரம் செய்தவர், இரண்டு மாதப் பேரத்துக்குப் பின் அதே நேஷனலுடன் சேர்ந்து துணைப் பிரதமர் ஆனார். 1997 கடைசியில் நேஷனல் தன் தலைவரை மாற்றியது. போல்ஜர் போய் ஷிப்லி வந்தார். 1998 ஆகஸ்டில் ஷிப்லி பீட்டர்ஸை அமைச்சரவையிலிருந்து நீக்கினார், கட்சியும் பிளந்தது. 1999 தேர்தலில் பீட்டர்ஸின் கட்சி வாங்கியது 4.3 சதவீதம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே. டௌரங்கா தொகுதியில் அவர் வெறும் 63 வாக்கில் ஜெயித்ததால்தான் கட்சி சபைக்குள்ளேயே இருந்தது. அங்கே தொகுதி ஒன்றில் ஜெயித்தால் வெட்டுப்புள்ளி பார்ப்பதில்லை. 2020இல் அந்த அதிர்ஷ்டமும் இல்லாமல் 2.6 சதவீதத்தோடு முழுசாக வெளியே போனார்கள்.

இன்னொருவர் குறுக்கிடுகிறார்: தண்டனை கிடைத்தால் போதுமா? மூன்று வருடம் நாட்டையே ஆட்டிப் படைத்த பிறகு கிடைக்கும் தண்டனையால் என்ன பயன்? 9 பேர் 111 பேரை மிரட்டலாமா?

9 பேரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. பெரிய கட்சிகள் இரண்டும் தங்களுக்குள் சேரவே மாட்டோம் என்று கதவைச் சாத்தும்போதுதான் அந்த 9 பேர் கிங்மேக்கர் ஆகிறார்கள். அந்தப் பலம் பெரிய கட்சிகள் கொடுத்தது. ஜெர்மனியில் பெரிய கட்சிகள் பலமுறை கைகோத்திருக்கின்றன. அப்போது சிறிய கட்சியின் பிடி தளர்ந்துவிடும். சிறிய கட்சியின் தலைவர் கையில் உள்ள உண்மையான ஆயுதம் "நான் எதிர்ப்பக்கமும் போகமுடியும்" என்பதுதான். அதை நம்பும்படியாக வைத்திருக்கிற வரைக்கும் பேரம் உண்டு.

முதலில் கேட்டவர்: அப்படியானால் இது கொள்கை அரசியலே இல்லை, வெறும் வியாபாரம்.

இங்கே நான் உடன்படவில்லை. பெரும்பான்மை இல்லாத நாட்டில் பேரமே கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழி. தனிக்கட்சி ஆட்சியிலும் பேரம் உண்டு, அது மூடிய அறைக்குள் கோஷ்டிகளுக்கிடையே நடக்கிறது. கூட்டணியில் அதை எழுதி, அச்சிட்டு, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். 2025இல் ஜெர்மனியில் வெளியிட்டது 144 பக்கம். மெர்ஸின் கூட்டாளியான சமூக ஜனநாயகக் கட்சி அதைத் தன் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டது. 84.6 சதவீதம் ஆதரவு வந்த பிறகே தலைமை கையெழுத்திட்டது. இதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: அதிக இடம் வாங்கிய கட்சியை முதலில் அழைக்க வேண்டும் அல்லவா?

மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன்.

கேள்வி: கட்சி முதலிடம் வந்தும் தலைவர் பிரதமர் ஆகாமல் போவதுண்டா?

உண்டு. 2023இல் நெதர்லாந்தில் கீர்ட் வில்டர்ஸின் கட்சி 37 இடத்தோடு முதலிடம். அவர் பிரதமர் என்றால் வரமாட்டோம் என்றார்கள் கூட்டாளிகள். கடைசியில் கட்சி சாராத அதிகாரியான டிக் ஸ்கோஃப் 2024 ஜூலையில் பிரதமர் ஆனார். நான்கு கட்சித் தலைவர்களும் அமைச்சரவைக்கு வெளியே, நாடாளுமன்றத்திலேயே இருந்தார்கள். ஒரு வருடம்கூட ஓடவில்லை. 2025 ஜூனில் வில்டர்ஸ் வெளியேற, அரசு கவிழ்ந்தது. கட்சித் தலைவர்கள் அமைச்சரவைக்கு வெளியே இருந்தால் எனக்கு உடனே கவலை வரும். முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் ஓர் இடத்தில், முடிவெடுக்கிறவர் வேறிடத்தில்.

கேள்வி: இஸ்ரேலில் 7 இடம் வாங்கியவர் பிரதமர் ஆனாரே?

நஃப்தாலி பென்னட், 2021. எட்டுக் கட்சிக் கூட்டணி, சபையில் ஆதரவு 60, எதிர்ப்பு 59. சுழற்சி முறையில் யாயிர் லாப்பிட் அடுத்துப் பிரதமர். அவரிடம் 17 இடம் இருந்தும் முதல் வாய்ப்பை விட்டுக்கொடுத்தார். அது இல்லாமல் கூட்டணியே அமைந்திருக்காது.

கேள்வி: இலங்கையிலும் விகிதாசாரம்தானே? அங்கே தலைவர்களின் பிடி எப்படி?

அங்கே 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து. மாவட்டத்தில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அதனால் ஒரே கட்சி வேட்பாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதுகிறார்கள். ஜெயித்தவர் "என் விருப்பு வாக்கில் வந்தேன்" என்று தலைமையிடம் நிமிர்ந்து பேசலாம். தேசியப் பட்டியலில் வந்தவர் அப்படிப் பேச முடியாது, அந்தப் பேனா தலைமையின் கையில். வாக்காளர் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாத, கட்சியே வரிசை போடும் மூடிய பட்டியல் உள்ள நாடுகளில் எல்லா உறுப்பினரின் நிலையும் இதுதான். ஆகவே எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் பட்டியல் திறந்ததா மூடியதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள்?

கணிப்பு சொல்வதில்லை.

கேள்வி: கருத்துக்கணிப்பில் நான்கு கட்சிக்கும் சேர்த்து 51 சதவீதம் வருகிறது, ஆட்சி உறுதிதானே?

தயவுசெய்து கூட்டாதீர்கள். நாலில் எது வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது?

கேள்வி: கூட்டணி என்றாலே அரசு அடிக்கடி கவிழும். இதற்கு மருந்தே இல்லையா?

ஜெர்மன் அரசியலமைப்பின் 67ஆவது உறுப்பு ஒரு மருந்து. பிரதமரை வீழ்த்துகிறவர்கள் அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டாம் என்பதில் ஒன்றுபடுவது சுலபம், வேண்டும் என்பதில்தான் கஷ்டம். 1972இல் பிரதமர் பிராண்டை வீழ்த்த எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்சலுக்கு 249 தேவை, கிடைத்தது 247. 1982இல் ஃப்ரீ டெமாக்ரட் கட்சி பக்கம் மாறியதால் ஷ்மிட் போய் கோல் வந்தார். இந்த வழியில் ஒரு பிரதமர் மாறியது இதுவரை அந்த ஒரே முறைதான்.

ஆனாலும் ரகசிய வாக்கெடுப்பு யாரையும் விடாது. 2025 மே 6 அன்று பிரதமராக மெர்ஸுக்குத் தேவை 316, கூட்டணியிடம் இருந்ததோ 328. பெட்டியைத் திறந்தால் 310. தன் அணியிலேயே குறைந்தது 18 பேர் கைவிட்டிருக்கிறார்கள், யாரென்று தெரியாது. அன்றே இரண்டாம் சுற்றில்தான் தேறினார்.

கேள்வி: முதலிடக் கட்சிக்கு...

நான்காவது முறை. 2017 கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: கூட்டணி ஒப்பந்தம் கையில் கிடைத்தால் முதலில் எதைப் படிப்பீர்கள்?

நல்ல கேள்வி. பெரும்பாலோர் இலாகா பட்டியலைப் பார்ப்பார்கள். நான் பிணக்கு வந்தால் என்ன செய்வது என்ற பகுதிக்குப் போவேன். யார் கூடிப் பேசுவது, சபையில் தனித்தனியாக வாக்களிக்கலாமா, எந்த விஷயத்தில் வேறுபடலாம். அது மங்கலாக இருந்தால் மற்ற பக்கங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயமாகத்தான் இருக்கும்.

அப்புறம் தேதிகள். 2023 நியூசிலாந்து ஒப்பந்தத்தில் துணைப் பிரதமர் பதவியைச் சிறிய கட்சித் தலைவர்கள் இருவருக்கும் பங்கிட்டு, மாறும் நாளையும் குறித்துவிட்டார்கள். முதல் பாதி பீட்டர்ஸ், 2025 மே 31 முதல் ஆக்ட் கட்சியின் டேவிட் சீமோர். குறித்த நாளில் பீட்டர்ஸ் இறங்கினார், சீமோர் பதவியேற்றார்.